சந்தனம் காய்வதற்குள்

போன வருஷம் ஆயுத பூஜையன்று பெட்டிக்கு வைத்த சந்தனம் நிற்கவில்லை. வைத்த கையை எடுப்பதற்குள் காய்ந்து, பொருக்குத் தட்டி, பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. மிருதுளா இன்னொரு முறை குழைத்து வைத்தாள். அதுவும் உதிர்ந்தது. ஓடுகிற எந்திரத்துக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்பது பள்ளிபாளையத்தில் தறி ஓடிய நாளிலிருந்தே உள்ள வழக்கம். நிறுத்தித் துடைத்து, கொஞ்சம் ஓய்வு கொடுத்துவிட்டுத்தான் சந்தனம், குங்குமம், பொரிகடலை எல்லாம். ஆனால் தூசி துடைக்கத் தவிர வேறெதற்கும் பெட்டியை நிறுத்தவே கூடாது என்று மின்சாரக் கம்பெனி சொல்லியிருந்தது. கம்பெனி சொன்னதை மீற நாலாவது காலனியில் யாருக்கும் தெம்பு கிடையாது. ஆகவே பெட்டி தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது, சந்தனம் உதிர்ந்துகொண்டிருந்தது.

அந்தப் பெட்டி எதற்கு வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கடலோரத்தில் புது உலை எரியத் தொடங்கியபோது ஊர் ஊராகப் பட்டாசு வெடித்தார்கள். கரி வேண்டாம், புகை இல்லை, கடல்தண்ணீரில் இருந்தே மின்சாரம். சின்னச் சூரியன் என்று அதற்குப் பேர் வைத்தார்கள். இனிமேல் மின்சாரம் காற்று மாதிரி, எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். சொன்னது பொய்யில்லை. அந்தக் காற்று முதலில் யார் பக்கம் வீசியது என்பதுதான் விஷயம். நேரடி லைன் இழுத்துக்கொள்ள வசதியுள்ள பெரிய மில்கள் ஆளே இல்லாத கூடங்களில் ராப்பகலாகத் துணியை நெய்து தள்ளின. வேட்டி டீ விலைக்கு வந்தது. வாங்குகிறவனுக்குச் சந்தோஷம். நெய்தவன் வாயில் மண். மிருதுளா வீட்டில் எட்டுத் தறி இருந்தது, எட்டும் பழைய இரும்புக்குப் போயின. அவள் கணவர் கோகுல் ஓசூருக்குக் காவலாளி வேலைக்குப் போனார்.

தறி எடுத்த வெற்றிடத்தில் பெட்டி வந்து உட்கார்ந்தது. பீரோ உயரம், சாம்பல் நிறம், பக்கத்தில் ஒரு கைப்பிடி. அது ஒரு வேலையும் செய்யாது. மின்சாரத்தை வாங்கி அனலாக்கிப் பின்சந்தில் ஊதும், அவ்வளவுதான். இருபது இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு அணைக்க மறந்த வீடு எப்படி இருக்கும், அப்படி இருந்தது ஒவ்வொரு வீடும். அந்த மின்சாரத்தில் ஒரு மிக்ஸிகூட ஓட்ட முடியாது. வயர் தனி, பூட்டு தனி. ஃபேனுக்கும் விளக்குக்கும் பழைய மீட்டர்தான், பழைய பில்தான். சின்னச் சூரியன் வந்த பிறகும் அந்த பில் ஒரு பைசா இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. அந்த வெக்கையில் யோசனை எங்கே ஓடுகிறது?

பெட்டி வைத்த அன்று சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். சூரியனை அணைக்க முடியுமா? முடியாது. அது பாட்டுக்கு எரியும். ஊர் செலவழித்தது போக மிஞ்சுகிற மின்சாரம் எங்கேயாவது தீர்ந்தாக வேண்டும், தீராவிட்டால் லைன் வெடிக்கும். உங்கள் லைனின் கடைசியில் இருப்பது பெரிய ஆஸ்பத்திரி, அதிலும் பச்சைக் குழந்தைகள் வார்டு. சொல்லிவிட்டு விளக்கை அணைத்து ஒரு படம் காட்டினார்கள். ஏதோ ஒரு ஊரில் கட்டடம் எரிந்தது, ஒரு பெண் மண்ணில் புரண்டு அழுதாள். அத்தோடு எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பெட்டி வைத்துக்கொள்ளும் வீட்டுக்கு மாதம் பிறந்தால் பெட்டிப்படி வரும். தறி போன காலனிக்கு அதுதான் சோறு. தூசி துடைக்க நாளைக்கு இருபது நிமிஷம் நிறுத்தலாம், அதுவும் ஒரு நேரத்தில் ஒரு வீடு மட்டும்.

இந்த வருஷம் ஆனியில் மிருதுளாவின் மகள் இலக்கியா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். வளைகாப்புப் போட்ட கையோடு அழைத்து வந்தார்கள். கை நிறையக் கண்ணாடி வளையல், முகம் நிறைய வியர்வை. இரண்டாவது வாரமே வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்தது. டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "பொண்ணு உடம்பு சூடேறக் கூடாது. குளுகுளுன்னு இருக்கற எடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

எங்கே போவது? சங்ககிரியில் இலக்கியாவின் மாமியார் வீட்டிலும் பெட்டி. சித்தி வீட்டிலும் பெட்டி. ஓசூரில் கோகுலுக்குக் காவல் கூண்டுதான் வீடு. பெட்டி இல்லாத வீடுகளில் இவர்களுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை.

மிருதுளா காலனி சூப்பர்வைசர் லோகித்தைப் போய்ப் பார்த்தாள். இருபத்தாறு இருபத்தேழு வயசுப் பையன். பக்கத்துத் தெருக்காரன்தான், நல்லவன்தான்.

"தம்பி, பிள்ளை பொறக்கற வரைக்கும் எங்க பெட்டிய மட்டும் நிறுத்திக்கறேன். படி வேண்டாம்."

"அக்கா, படி பிரச்சினை இல்லீங்க. உங்களுது நின்னா அந்தப் பாரம் பக்கத்துப் பெட்டிக்குப் போகுமுங்க. அது தாங்காம நின்னா அடுத்ததுக்கு. வரிசையாப் போச்சுன்னா கடைசில எங்க போய் நிக்கும்னு உங்களுக்கே தெரியும்."

"ஒரு பெட்டிதான தம்பி?"

"எல்லாரும் ஒண்ணுதானன்னு கேட்டா என்ன பண்றதுங்க?" என்றான் லோகித். அவன் கண் கலங்கியிருந்ததை மிருதுளா கவனித்தாள். அவன் வீட்டிலும் பெட்டி உண்டு.

ஆவணியில் ஒரு நண்பகல் இலக்கியாவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. நாக்கு குழறியது. ஈரச்சேலையைச் சுற்றினால் சேலை வெந்நீரில் முக்கியது போலாகிவிடும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது, வந்தபாடில்லை. துடைக்கிற இருபது நிமிஷத்தைக் காலையிலேயே எடுத்தாகிவிட்டது. மிருதுளா பின்கட்டுக்கு ஓடிப் பெட்டியின் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு லோகித்துக்குப் போன் போட்டாள்.

"நிறுத்தறேன் தம்பி. என்ன ஆனாலும் ஆகட்டும்."

"வேண்டாமுங்க்கா. இந்த நேரம் வார்டுல முப்பது நாப்பது குழந்தைங்க இருக்குமுங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன்."

உள்ளே மகள் முனகினாள். முப்பது நாற்பது பேர் பெற்ற பிள்ளைகள் ஒரு பக்கம், தான் பெற்றவள் ஒரு பக்கம். மிருதுளா கையை எடுத்துவிட்டாள்.

அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. நல்ல நிறைவான குழந்தை, தலை நிறைய முடி. அழவில்லை, அசையவில்லை. சூடு தாங்காமல் வயிற்றிலேயே அடங்கிவிட்டது என்றார் டாக்டரம்மா.

மூன்றாம் நாள் இலக்கியாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும்போது குழந்தைகள் வார்டின் கண்ணாடி ஓரமாக வர வேண்டியிருந்தது. உள்ளே வரிசை வரிசையாகப் பச்சைக் குழந்தைகள். நிறுத்தச் சொல்லி வெகுநேரம் பார்த்தாள் இலக்கியா. எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று மிருதுளா, அன்று கைப்பிடியில் கை வைத்ததையும் எடுத்ததையும் சொல்லிவிட்டாள். மகள் தன்னைக் காறித் துப்புவாள் என்றுதான் எதிர்பார்த்தாள்.

"நீ எடுத்தது சரிதாம்மா" என்றாள் இலக்கியா. "இவங்கல்லாம் இருக்காங்க பாரு."

அன்றிலிருந்து அவள் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தாள். சோறு இறங்காத நாளில், "நம்ம பாப்பா போய் எத்தனை பேரக் காப்பாத்திருக்குது, இல்லம்மா?" என்று கேட்பாள். ஆமாம் கண்ணு என்று மிருதுளா சொன்னால் இரண்டு வாய் சாப்பிடுவாள். தூக்கம்தான் வரவில்லை. அந்த அனலில் படுப்பதும் எழுவதும் பாயைத் திருப்பிப் போடுவதுமாகவே இருந்தாள்.

புரட்டாசி கடைசியில் ஆயுத பூஜை வந்தது. பிள்ளையைக் கொடுத்த வீட்டில் அந்தப் பெட்டிக்கு என்ன பூஜை வேண்டிக்கிடக்கிறது என்றுதான் மிருதுளா இருந்தாள். இலக்கியாதான் விடவில்லை.

"இந்தத் தடவை நிறுத்திட்டு ஒழுங்காப் பொட்டு வையும்மா. அது ஓடித்தான அங்க குழந்தைங்க பொழச்சுக் கெடக்குது. போன வருஷம் சந்தனம் உதிர்ந்துச்சே, எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு."

மிருதுளாவுக்கும் அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது. துடைக்க இருபது நிமிஷம் உண்டல்லவா, அதைப் பூஜைக்கு வைத்துக்கொண்டால் போகிறது. ஒரு வீடுதானே. சுவரில் தொங்கிய நாள்காட்டியில் தேதித் தாளைப் பார்த்தாள். நல்ல நேரம் காலை பத்தே முக்காலுக்கு என்று போட்டிருந்தது. வாழைக்கன்று கட்டி, பொரியும் கடலையும் தட்டில் வைத்து, சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு காத்திருந்தாள். மணி ஆனதும் கைப்பிடியைக் கீழே இறக்கினாள்.

உறுமல் தணிந்து நின்றது.

வழக்கமாகத் தன் பெட்டி நின்றால் பக்கத்து வீட்டு உறுமல் கேட்கும். இன்று அதுவும் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. எங்கோ மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி கேட்டது. சந்தனத்தையும் குங்குமத்தையும் ஏனோதானோவென்று வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து சந்துக்கு வந்தாள்.

அடுத்த வீட்டு வாசலில் பவித்ராக்கா நின்றிருந்தாள். விரலில் சந்தனம். அதற்கடுத்த வாசலிலும் ஆள். சந்து முழுக்க, கண்ணுக்கெட்டிய வரை, வீட்டுக்கு ஒருவர் விரலில் சந்தனத்தோடு நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் வீட்டிலும் போன வருஷம் சந்தனம் உதிர்ந்திருக்கிறது. எல்லோரும் ஒரு வீடுதானே என்று நினைத்திருக்கிறார்கள். எல்லோர் வீட்டுச் சுவரிலும் அதே நாள்காட்டி.

"எல்லாருமா?" என்றாள் பவித்ராக்கா.

யாரோ ஓடிப்போய்ப் பெட்டியைப் போடப் பார்த்தார்கள். நின்ற பெட்டி பத்து நிமிஷம் ஆறாமல் மறுபடி பிடிக்காது. யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். மிருதுளா அசையவில்லை. ஆஸ்பத்திரி இருந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முருகா, முருகா என்று வாய் முணுமுணுத்தது. இப்போது வெடிக்கும். இதோ இப்போது.

வெடிக்கவில்லை.

அவள் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தபடியே இருந்தது. ஒரு முறைகூட மினுக்கவில்லை. காவிரிப் பக்கமிருந்து காற்று வந்தது. இரண்டு வருஷமாக அந்தச் சந்துக்குள் நுழைய முடியாமல் இருந்த காற்று. காகம் ஒன்று வந்து பெட்டியின் வெளிக்கம்பியில் உட்கார்ந்து, சுடவில்லை என்று தெரிந்ததும் இறகைக் கோதியது. கால்மணி நேரம் போயிற்று. அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

லோகித் பைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. ஆட்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு ஒண்ணும் ஆகலையே தம்பி?" என்று கேட்டாள் மிருதுளா.

"ஒண்ணும் ஆகலீங்க."

"அப்பப் பாரமெல்லாம் எங்க போச்சு?"

அவன் மெல்லச் சொன்னான். "நானும் பயந்துபோய்க் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டேனுங்க. லைன் போச்சு, ஆளக் காலி பண்ணுங்கன்னு கத்துனேன். அந்தப் பக்கம் இருந்தவரு சிரிச்சாருங்க. கத்தாதப்பா, உலையக் கொறச்சாச்சுன்னாரு."

"சூரியனக் கொறைக்க முடியாதுன்னீங்க?"

"கேஸ் அடுப்ப சிம்ல வெக்கற மாதிரிதானாமுங்க. எப்ப வேணும்னாலும் கொறைக்கலாமாம். அணைக்கவே அணைக்கலாமாம்."

பவித்ராக்காதான் கேட்டாள். "அப்புறம் எதுக்குடா எங்க வீட்ல இந்த நெருப்பு?"

"அதையும் கேட்டேனுங்க. கரண்ட்டு எக்கச்சக்கமா வருது. வாங்க ஆள் இல்லைன்னா வெலை தரையத் தொட்டுரும். உலை கட்டக் கடன் கொடுத்தவங்க சும்மா இருப்பாங்களா? தக்காளி வெலை எறங்குனா ரோட்ல கொட்டுறாங்கல்ல, அது மாதிரிங்குறாரு. ஆனா உலைக்குள்ளயே எரிச்சா அது நஷ்டக் கணக்காம். உங்க வீட்ல எரிச்சா வித்த கணக்காம். இத்தன வீடு வாங்குது பாருங்கன்னு காட்டறாங்க. மில்லுக்கும் ஊருக்கும் அந்த வெலை நிக்குது." அவன் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சாப்பாட்டு நேரத்துக்குள்ள எல்லாப் பெட்டியும் ஓடணுமாம். இல்லைன்னா இந்த மாசத்தோட படி நின்னுரும், பெட்டிய வேற காலனிக்கு மாத்திருவோம்ங்கிறாங்க."

"அந்தப் படம்? அந்தப் பொம்பள அழுதாளே?"

"அது எங்கியோ குடோன் எரிஞ்சதாமுங்க."

மிருதுளா அவன் அருகில் போனாள். அவள் என்ன கேட்கப் போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தரையைப் பார்த்தான்.

"அன்னிக்கு மத்தியானம் நான் நிறுத்தியிருந்தா?"

அவன் உதடு கோணியது. "சத்தியமா எனக்குத் தெரியாதுங்க்கா. நானும் நம்பித்தான் சொன்னேன்."

"அது இல்ல தம்பி. நிறுத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆயிருக்காதுங்க."

அவனை அடிப்பார்கள் என்று நினைத்துத்தான் வந்திருந்தான். அடித்திருந்தால் அவனுக்கும் நன்றாக இருந்திருக்கும். யாரும் தொடவில்லை. பவித்ராக்காவின் புருஷன் சித்திரை மாதம் அந்த வெக்கையில் மயங்கி விழுந்தவர், எழவே இல்லை. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோது பெட்டியை நிறுத்த ஓடிய மகனைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தது பவித்ராக்காதான். அவள் மிருதுளாவை ஒரு முறை பார்த்தாள்.

"எம் பையன் வேலைக்குப் போயிருக்கான். அவனுக்கு இது தெரிய வேண்டாம்" என்றாள். உள்ளே போய்ப் பெட்டியைப் போட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லா வீட்டிலும் உறுமல் கிளம்பியது. சிலர் படிக்காகப் போட்டார்கள். பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே, அதைக் குறை சொல்ல முடியாது. சிலர் வேறு காரணத்துக்காகப் போட்டார்கள். அந்த இரண்டு வருஷத்தில் ஒரு சாவாவது விழாத வீடு காலனியில் குறைவு. ஒவ்வொரு சாவுக்கும் பக்கத்தில் ஒரு கை கைப்பிடியை விட்டிருக்கிறது. இன்றைக்கு நடந்ததை இனி யாரும் பேசப்போவதில்லை என்பது யாரும் சொல்லாமலே முடிவாகிவிட்டது. காகம் எழுந்து பறந்தது.

மிருதுளா மட்டும் உறுதியாக இருந்தாள். நான் போட மாட்டேன். படி போனால் போகட்டும். வீட்டுவேலை செய்து சோறு போடுவேன். இந்த நெருப்பை இனி இந்தக் கையால் மூட்ட மாட்டேன். பற்களைக் கடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள்.

இலக்கியா தூங்கிக்கொண்டிருந்தாள்.

பாயில் ஒருக்களித்துப் படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். இந்த வீட்டில் போர்வை போர்த்திய ஆளைப் பார்த்தே இரண்டு வருஷம் ஆகிறது. வாய் லேசாகத் திறந்து, சின்னக் குழந்தையாக இருந்தபோது தூங்கியதைப் போலவே தூங்கினாள். மிருதுளா பக்கத்தில் உட்கார்ந்தாள். இவள் இப்படியே தூங்கட்டும், எத்தனை நேரமானாலும் தூங்கட்டும் என்று நினைத்தாள்.

எழுந்ததும் என்ன கேட்பாள்?

ஏம்மா குளுகுளுன்னு இருக்குது என்று கேட்பாள். பெட்டி நிற்கிறது என்று சொல்ல வேண்டும். எப்பயிருந்து என்பாள். இருபது நிமிஷம் தாண்டிடுச்சே, அங்க குழந்தைங்க என்று பதறி எழுந்திருப்பாள். ஒன்றும் ஆகவில்லை கண்ணு என்று சொல்ல வேண்டும். நாளைக்கும் பெட்டி நிற்கும். நாளைக்கும் ஒன்றும் ஆகாது. சோற்றைப் பிசைந்துகொண்டே இலக்கியா யோசிப்பாள். அவள் ஒன்றும் தெரியாதவள் இல்லை. அப்போ என் பாப்பா எதுக்கும்மா போச்சு என்று கேட்பாள்.

விலை இறங்கக் கூடாதென்று போயிற்று என்று எந்தத் தாய் தன் மகளிடம் சொல்வாள்?

அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். பெட்டியின் நெற்றியில் சந்தனம் இன்னும் ஈரமாகவே இருந்தது. நடுவில் குங்குமம் அழகாக நின்றிருந்தது. மகள் ஆசைப்பட்ட மாதிரியே இந்த வருஷம் பொட்டு பிடித்துக்கொண்டது. கைப்பிடியைத் தொட்டாள். அன்றைக்கு இறக்காமல் விட்ட அதே கைப்பிடி. வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கைப்பிடியை மேலே தூக்கினாள்.

திரும்பி வந்தபோது இலக்கியா விழித்திருந்தாள். போர்வை காலடியில் கிடந்தது.

"பெட்டி நின்னிருந்துச்சா?"

"பொட்டு வெக்க நிறுத்தினேன் கண்ணு. நம்மளுது மட்டும், இருபது நிமிஷம்."

"வேற யாரும் நிறுத்தலையே?"

"யாரும் நிறுத்தல."

இலக்கியா நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள். "தூக்கத்துல சத்தமே இல்லாத மாதிரி இருந்துச்சு. ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேம்மா. அங்க குழந்தைங்க இருக்குமே." வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். "சந்தனம் நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"இனி நல்லதே நடக்கும் பாரு" என்று இலக்கியா பாயைத் திருப்பிப் போட்டாள். பின்கட்டில் சந்தனம் காய்ந்து உதிரத் தொடங்கியிருந்தது.